எந்த நேரம் வரையான கணக்கு இது?

வேலணைக் கரையில் நண்டும் மீனும் வாங்கும் எவருக்கும் முற்பணம் என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. வலை கிழிந்தால், இயந்திரம் பழுதானால், வீட்டில் ஒருவருக்கு வருத்தம் என்றால் தொழிலாளி வாங்குபவரிடம்தான் வருவார். பணத்தைக் கொடுப்போம். பிறகு அவர் கொண்டு வரும் நண்டின் பெறுமதியில் நாளுக்குக் கொஞ்சமாகக் கழித்துக் கொள்வோம். கொடுத்த கடனைக் காட்டி நண்டின் விலையைக் குறைப்பது எமக்குக் கூடாது. அதனால் விலை ஒரு நிரலிலும் கடன் வேறொரு நிரலிலும் எழுதப்படும்.

2019 ஆம் ஆண்டு ஒரு நாள் காலை, தொழிலாளி ஒருவர் நண்டை நிறுத்துக் கொடுத்துவிட்டுப் பணத்துக்காக நின்றார். கணினியில் அவருடைய பெயருக்கு நேரே 18,500 ரூபா முற்பணம் மீதி என்று இருந்தது. அன்றைய கணக்கில் 3,000 ரூபாவைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்தேன்.

அவர் காசை எண்ணிப் பார்த்தார். "நானா, சீட்டுக் காசு எடுத்துப் போன கிழமையே முழுக்கக் கட்டிப் போட்டன். உங்கட பெடியன்தானே துண்டு எழுதித் தந்தவன்" என்றார்.

நான் கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினேன். "இது பொய் சொல்லாது அண்ணை" என்றேன். சுற்றி நாலைந்து பேர் நின்றார்கள். அவர் அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் அவர் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை.

மூன்றாம் நாள் துண்டுக் கட்டை எடுத்துப் புரட்டினேன். அவர் சொன்னது அத்தனையும் உண்மை. துண்டு இருந்தது. அதிலுள்ள தொகையைப் பையன் கணினியிலும் ஏற்றியிருந்தான். நான் பார்த்த அறிக்கையில் மட்டும் அது இல்லை.

இந்தப் பத்தியில் கடன், முதலீடு, பங்குடைமை என்று பல விடயங்கள் பேசப்படுகின்றன. இன்று கணினி அறிக்கை தானாகப் புதுப்பிக்கப்படுவது பற்றி எழுதுகிறேன். இது கணினி படித்தவர்களின் விடயம் என்று எவரும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். அன்று நான் எடுத்த 3,000 ரூபா இன்னொருவருடைய ஹக்கு.

பட்டியல் வேறு, அறிக்கை வேறு

எமது கடைகளில் பெரும்பாலும் பாவனையில் இருப்பது எக்செல். அதில் இரண்டு விதமான தாள்கள் இருக்கும். ஒன்று, நடந்ததை நடந்தபடியே ஒவ்வொரு வரியாக எழுதும் பட்டியல். திகதி, பெயர், இடம், கிலோ, விலை, முற்பணம் கொடுத்தது, முற்பணம் கழித்தது என்று இருக்கும். மற்றது அந்தப் பட்டியலைத் திரட்டிக் காட்டும் அறிக்கை. யாரிடம் எவ்வளவு மீதி, எந்த இடத்தில் எத்தனை கிலோ என்பதை அது சொல்லும். இதற்குப் பலரும் பயன்படுத்துவது பிவொட் டேபிள்.

பிவொட் டேபிள் பட்டியலை நேரடியாகப் பார்த்துக்கொண்டு இருப்பதில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது. பட்டியலின் பிரதி ஒன்றைத் தனக்குள் எடுத்து வைத்துக்கொண்டு, அந்தப் பிரதியிலிருந்துதான் அது கூட்டுகிறது. பட்டியலில் நூறு வரி புதிதாக எழுதினாலும், "ரிஃப்ரெஷ்" என்று நாம் கட்டளை கொடுக்கும் வரை பிவொட் பழைய பிரதியையே காட்டிக்கொண்டிருக்கும். சாதாரணக் கூட்டல் சூத்திரங்கள் எழுதியவுடன் மாறுவதால் இதுவும் மாறும் என்று நினைத்துவிடுகிறோம். மைக்ரோசொஃப்ட் நிறுவனம் பிவொட் தானாகவே புதுப்பிக்கும் வசதியை 2025 இல்தான் தனது புதிய பதிப்பில் கொண்டுவரத் தொடங்கியது. எமது கடைகளில் உள்ள பழைய பதிப்புகளில் அது கிடையாது.

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. பிவொட் டேபிளின் மேல் வலது பொத்தானை அழுத்தி, "பிவொட் டேபிள் ஒப்ஷன்ஸ்" என்பதற்குள் சென்று, "டேட்டா" என்ற பகுதியில் கோப்பைத் திறக்கும்போது புதுப்பி என்ற இடத்தில் ஒரு சரி அடையாளம் இட வேண்டும். அவ்வளவுதான். காலையில் கோப்பைத் திறந்தவுடன் அறிக்கை புதிதாகிவிடும். இடையில் புதுப்பிக்க வேண்டுமானால் கொன்ட்ரோல், ஓல்ட், எஃப் 5 ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் கோப்பிலுள்ள எல்லா அறிக்கைகளும் புதுப்பிக்கப்படும்.

எனது மருமகன் இதைச் செய்து தந்தான். பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று நினைத்தேன். ஒன்றரை மாதம்தான் அந்த நிம்மதி.

501 ஆவது வரி

ஒன்றரை மாதத்துக்குப் பிறகு மறுபடியும் கணக்கு இடித்தது. இம்முறை ரிஃப்ரெஷ் செய்தும் சரிவரவில்லை. தேடிப் பார்த்தபோது, பிவொட்டை அமைக்கும்போது முதலாவது வரியிலிருந்து 500 ஆவது வரி வரை என்று எல்லை கொடுத்திருந்தது தெரியவந்தது. 501 ஆவது வரியிலிருந்து எழுதிய எதுவும் அறிக்கைக்குப் போகவில்லை. கணினி பிழைச் செய்தி எதுவும் காட்டவுமில்லை. அதற்குக் கொடுத்த எல்லைக்குள் அது சரியாகத்தான் கூட்டியிருந்தது.

இதற்கு மருந்து, பட்டியலை "டேபிள்" ஆக மாற்றுவது. பட்டியலுக்குள் நின்றுகொண்டு கொன்ட்ரோலையும் ரி எழுத்தையும் அழுத்தினால் போதும். டேபிளின் அடியில் புதிய வரி எழுதும்போது அதன் எல்லை தானாகவே நீளும். பிவொட்டுக்கு வரி எண்களைக் கொடுக்காமல் டேபிளின் பெயரைக் கொடுத்துவிட்டால், எத்தனை வரி வந்தாலும் ரிஃப்ரெஷ் செய்ததும் எல்லாம் உள்ளே வந்துவிடும்.

எனக்கு நடந்தது சிறிய கடையில். இதே போன்ற ஒன்று இங்கிலாந்தின் பொதுச் சுகாதார நிறுவனத்துக்கும் நடந்தது. 2020 ஆம் ஆண்டு கொவிட் பரிசோதனை முடிவுகள் ஆய்வுகூடங்களிலிருந்து அனுப்பப்பட்டு, கணினியால் தானாகவே எக்செல் கோப்புகளுக்குள் இழுக்கப்பட்டன. அந்தக் கோப்புகள் பழைய வடிவத்தில் இருந்தன. பழைய வடிவத்தில் ஒரு தாளுக்கு 65,536 வரிகள்தான் கொள்ளும். 2007 ஆம் ஆண்டுக்குப் பிந்திய வடிவத்தில் 10 இலட்சத்துக்கு மேல் கொள்ளும். கோப்பு நிறைந்த பின்னர் வந்த முடிவுகள் சத்தமில்லாமல் விடுபட்டுப் போயின. செப்டெம்பர் 25 முதல் ஒக்டோபர் 2 வரையான நாட்களில் 15,841 நோயாளிகள் நாளாந்த எண்ணிக்கையில் சேரவில்லை. அவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலையும் அதனால் பிந்தியது.

தானாக இயங்கும் ஏற்பாட்டின் ஆபத்து இதுதான். கையால் எழுதும்போது கொப்பி முடிந்தால் கைக்குத் தெரியும். கணினியில் அதைப் பார்ப்பதற்கென்று ஒரு காவல் வைக்க வேண்டும்.

நான் வைத்த காவல் மிகச் சாதாரணமானது. அறிக்கையின் மேல் மூலையில் மூன்று கட்டங்கள் உள்ளன. முதலாவதில் பட்டியலின் மொத்தக் கிலோ. இரண்டாவதில் அறிக்கை காட்டும் மொத்தக் கிலோ. மூன்றாவதில் இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம். அது பூச்சியமாக இருக்க வேண்டும். பூச்சியம் இல்லையென்றால் கட்டம் சிவப்பாகும். சிவப்பாக இருக்கும்போது எவருக்கும் ஒரு சதமும் கழிக்கக் கூடாது என்பது கடையின் சட்டம்.

பல இடத்துக் கணக்கு

வேலணையில் மட்டுமன்றி மண்டைதீவிலும் புங்குடுதீவிலும் நாம் வாங்குகிறோம். ஒவ்வோர் இடத்திலிருந்தும் மாலையில் ஒரு கோப்பு வரும். முன்னர் அவற்றைத் திறந்து, வெட்டி, ஒட்டிச் சேர்ப்பதிலேயே ஒரு மணித்தியாலம் போகும். ஒட்டும்போது ஒரே நாளை இரண்டு தடவை ஒட்டியதும் உண்டு.

எக்செல்லில் பவர் குவெரி என்றொரு வசதி இருக்கிறது. 2016 ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து அது எக்செல்லுக்குள்ளேயே இருக்கிறது. "டேட்டா" பகுதியில் "கெட் டேட்டா" என்பதற்குள் சென்று, ஒரு ஃபோல்டரை அதற்குக் காட்டிக்கொடுத்தால் போதும். அந்த ஃபோல்டருக்குள் போடப்படும் கோப்புகள் எல்லாவற்றையும் அதுவே ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கித் தரும். நாளைக்குப் புதிய கோப்பு ஒன்றைப் போட்டு ரிஃப்ரெஷ் செய்தால் அதுவும் சேர்ந்துவிடும்.

இதில் அனுபவத்தில் கண்ட இரண்டு விடயங்களைச் சொல்ல வேண்டும்.

முதலாவது, எல்லாக் கோப்புகளிலும் நிரல்களின் தலைப்பு எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஓர் இடத்துப் பையன் "கிலோ" என்பதை "நிறை" என்று மாற்றினால் சில வேளை பிழைச் செய்தி வரும். சில வேளை அந்த நிரலை வெறுமையாக விட்டுவிட்டுப் பேசாமல் இருக்கும். இரண்டாவதுதான் ஆபத்தானது.

அடுத்தது, பவர் குவெரி கோப்புகளைச் சேர்த்து முடிக்க முன்னரே பிவொட் புதுப்பித்து முடித்துவிடக் கூடும். அப்போது ஒரு தடவை ரிஃப்ரெஷ் செய்தால் நேற்றைய கணக்கும், இரண்டாம் தடவை செய்தால் இன்றைய கணக்கும் வரும். இணைப்பின் பண்புகளுக்குள் பின்னணியில் புதுப்பித்தல் என்ற இடத்திலுள்ள அடையாளத்தை எடுத்துவிட்டால் ஒன்று முடிந்த பின்னரே மற்றது நடக்கும். அதே இடத்தில் இத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பி என்றும் சொல்லலாம். ஆனால் கோப்பு திறந்திருக்கும் நேரத்தில் மட்டுமே அது வேலை செய்யும்.

2022 கற்றுத் தந்த பாடம்

கணக்குகள் எல்லாம் ஒழுங்காகிவிட்டன என்று இருந்த வேளையில்தான் 2022 வந்தது. எமது நண்டை வாங்கும் கம்பனி ஏற்றுமதி செய்கிறது. ஆகவே எமது இலாப மதிப்பீட்டில் டொலரின் விலை ஒரு கட்டத்தில் இருந்தது. அதில் 203 என்று கையால் தட்டி வைத்திருந்தோம். பல மாதங்களாக மாறாமல் இருந்ததால் அப்படி ஒரு கட்டம் இருப்பதையே மறந்துவிட்டோம். 2022 மார்ச் 7 ஆம் திகதி மத்திய வங்கி பிடியைத் தளர்த்தியது. மே மாதத்துக்குள் டொலர் 360 ரூபா அளவுக்கு ஏறிவிட்டது. எமது அறிக்கை தினமும் தவறாமல் புதுப்பிக்கப்பட்டது. ஆனால் 203 ஐ வைத்துக்கொண்டே புதுப்பிக்கப்பட்டது. கம்பனி விலையை உயர்த்திய பின்னரும் சில நாட்கள் நாம் கரையில் பழைய விலையே கொடுத்தோம். தொழிலாளர்கள் கேட்ட பிறகுதான் விழித்தோம்.

அதே ஆண்டு ஓகஸ்ட் மாதம் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானது. படகின் ஒரு நாள் செலவு என்று நாம் வைத்திருந்த கணக்கு ஒரே இரவில் செல்லாக் கணக்கானது. பெறுமதி சேர் வரி ஜூன் மாதத்தில் 8 இலிருந்து 12 சதவீதமாகி, செப்டெம்பரில் 15 ஆகி, 2024 ஜனவரியில் 18 ஆனது.

அவசரத்தில் அந்தக் கட்டத்தில் புதிய விலையை எழுதினோம். உடனே ஜனவரி, பெப்ரவரி மாதங்களின் இலாபமும் மாறிவிட்டது. அன்று 203 க்கு நடந்த வியாபாரத்தை இன்றைய விலையில் கணக்கிட்டால் அது பொய்க் கணக்கு. புதியது உள்ளே வர வேண்டும், நடந்து முடிந்தது அசையக் கூடாது. அதற்காக விலைகளுக்கென்றே ஒரு தாளை அமைத்தோம். எந்தத் திகதியிலிருந்து டொலர் எவ்வளவு, மண்ணெண்ணெய் எவ்வளவு, வரி எவ்வளவு என்று மாற்றம் வரும்போதெல்லாம் ஒரு புதிய வரி எழுதப்படும். பழைய வரியை எவரும் அழிக்க மாட்டார்கள். ஒவ்வொரு கொள்வனவும் தனது திகதிக்குரிய விலையை அந்தத் தாளிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

இன்னொன்றையும் அந்த ஆண்டு காட்டியது. மார்ச் மாத இறுதியில் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை போனது. எமது கடைக் கணினி மாலை 7 மணிக்குத் தானாக அறிக்கையைப் புதுப்பித்து, புத்தளத்தில் இருக்கும் எனது தம்பிக்குக் கிடைக்கும்படி வைக்க வேண்டும். மின்சாரம் இல்லாத கணினி எதைப் புதுப்பிக்கும்? தம்பி தனது மடிக்கணினியில் திறந்து பார்த்தால் அறிக்கையின் தலைப்பில் அன்றைய திகதி அழகாக இருந்தது. உள்ளே இருந்தது இரண்டு நாளைக்கு முந்திய கணக்கு.

காரணம், தலைப்பில் "டுடே" என்ற சூத்திரத்தைப் போட்டிருந்தோம். அது கோப்பைத் திறக்கும் நாளின் திகதியைக் காட்டும். கணக்கு எந்த நாளுடையது என்பது அதற்குத் தெரியாது. எத்தனையோ கடைகளின் அறிக்கைகளில் இந்தச் சூத்திரத்தை நான் பார்த்திருக்கிறேன். வாசகர்கள் இன்றே தமது அறிக்கையைத் திறந்து அது இருந்தால் அழித்துவிடுங்கள். அதற்குப் பதிலாக, அறிக்கைக்குள் வந்து சேர்ந்த வரிகளில் மிகப் பிந்திய திகதியைப் பிவொட்டே காட்டும்படி செய்யலாம். பட்டியலில் துண்டின் நேரத்தையும் எழுதினால் நேரத்தோடு காட்டும்.

கூலிக்கு ஆள் வைத்தது போல

கொஞ்சம் பெரிய வியாபாரம் செய்பவர்கள் பவர் பிஐ போன்ற மென்பொருளுக்குப் போகிறார்கள். 2015 இல் வந்த இந்த மென்பொருளில் குறித்த நேரத்தில் அறிக்கையைப் புதுப்பிக்க அட்டவணை போடலாம். புரோ என்ற கட்டண வகையில் ஒரு நாளைக்கு 8 தடவை வரை புதுப்பிக்க முடியும். கணக்குக் கோப்பு கடைக் கணினியிலேயே இருந்தால் அதற்கு "கேட்வே" என்ற இணைப்பு மென்பொருள் தேவை. அந்தக் கணினி விழித்திருக்கவும் வேண்டும். தொடர்ந்து 4 தடவை புதுப்பித்தல் தோல்வியடைந்தால் அட்டவணையே நிறுத்தப்பட்டுவிடும். அதன் பிறகு எவராவது போய்த் திருப்பி முடுக்கிவிடும் வரை அறிக்கை அப்படியே கிடக்கும். தோல்வி பற்றி மின்னஞ்சல் வரும். அந்த மின்னஞ்சல் வேலையை விட்டுப் போன பையனின் முகவரிக்குப் போனால் யாருக்குப் பயன்?

சிறிய கடைகளுக்கு கூகுள் ஃபோர்ம் போதும் என்பது எனது கருத்து. வாங்கும் இடத்தில் உள்ள பையன் கையடக்கத் தொலைபேசியில் நிரப்பி அனுப்புவது உடனே கூகுள் ஷீட்டில் ஒரு வரியாக விழும். அங்குள்ள பிவொட் எக்செல்லைப் போலன்றித் தானாகவே மாறும். இணைப்பு இல்லாத நேரத்துக்குத் துண்டு இருக்கவே வேண்டும்.

எந்த மென்பொருளானாலும் கடையில் ஒருவருடைய பெயரைச் சொல்லி, "காலையில் சிவப்புக் கட்டத்தையும் கடைசித் திகதியையும் பார்ப்பது உனது பொறுப்பு" என்று ஒப்படைத்துவிட வேண்டும்.

ஸகாத் கணக்கு

எமது சமூகத்தின் வியாபாரிகளுக்கு இதில் விசேடமான ஒரு பயன் உண்டு. வருடம் பூர்த்தியாகும் நாளில் கையிருப்புப் பணம், அன்றைய சந்தை விலையில் சரக்கு, வரவேண்டிய கடன் ஆகியவற்றைக் கூட்டி, கொடுக்க வேண்டிய கடனைக் கழித்து, 85 கிராம் தங்கத்தின் பெறுமதியோடு ஒப்பிட்டு, இரண்டரை சதவீதம் கொடுக்கிறோம். முன்னர் இதற்காக ஒரு வாரம் கொப்பிகளோடு மல்லுக்கட்டிவிட்டு, கடைசியில் மொத்தமாக ஒரு தொகையை ஊகித்துக் கொடுத்தவர்களை நான் அறிவேன். நானும் அவர்களில் ஒருவன். இப்போது விலைத் தாளில் அன்றைய தங்க விலையை எழுதினால் தொகை வந்துவிடுகிறது, அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் அந்த நாளின் அறிக்கையைத் தனியாக அச்சிட்டோ பிடிஎஃப் ஆகவோ சேமித்து வைக்க வேண்டும். ஏனெனில் தானாகப் புதுப்பிக்கும் அறிக்கை மறுநாளே மாறிவிடும். எந்தத் தொகைக்கு ஸகாத் கொடுத்தோம் என்று பிறகு காட்ட முடியாமல் போகும். ஹிஜ்ரி திகதியையும் கணினியிடம் ஒப்படைக்க வேண்டாம். அது கணிப்பில் போகும். நாம் பிறையில் போகிறோம். அந்த ஒன்றைக் கொழும்புப் பெரிய பள்ளிவாசலின் அறிவித்தலைக் கேட்டுக் கையால் எழுதுவதே சரி.

வாப்பாவின் கோடு

வாப்பா யாழ்ப்பாணத்தில் கடை வைத்திருந்த காலத்தில் கொப்பியில்தான் கணக்கு. ஒவ்வொரு நாளும் கடை பூட்டுமுன் கடைசி வரியின் கீழ் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் திகதியையும் "மஃரிப் வரை" என்றும் எழுதுவார். சில நாள் நேரத்தோடு பூட்டினால் "அஸர் வரை" என்றிருக்கும். மறுநாள் காலையில் எவராவது கணக்குக் கேட்டால், "இது நேற்று மஃரிப் வரைக்கும். அதுக்குப் பிறகு குடுத்திருந்தா சொல்லுங்க" என்றுதான் தொடங்குவார். 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்கள் எல்லோரையும் போல நாங்களும் வெளியேற்றப்பட்டபோது அந்தக் கொப்பிகள் கடையோடு போய்விட்டன. அவர் தொடங்கும் அந்த வசனம் எனக்கு நினைவிருந்தும், திரையில் இலக்கங்களைப் பார்த்தவுடன் அதைக் கேட்க மறந்தேன்.

அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதி வைப்பதைப் பற்றியது என்பதை நாம் எல்லோரும் அறிவோம். எழுதினால் மட்டும் போதாது, எழுதியதைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும்போது அது எதுவரை எழுதப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும் என்பதே எனது அனுபவம்.

அந்தத் தொழிலாளியின் வீட்டுக்கு நான் அன்று பின்னேரமே போனேன். 3,000 ரூபாவைக் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டு, "காசு பறவாயில்லை நானா. நாலு பேருக்கு முன்னால கள்ளனாக்கிப் போட்டியள்" என்றார். மறுநாள் காலை, அவர் கரைக்கு வந்தபோது, அதே நாலைந்து பேர் நிற்கும் நேரம் பார்த்து, பிழை என்னுடையது என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். இன்றைக்கும் அவர் எமக்கே நண்டு தருகிறார். ஆனால் தனது துண்டுகளை ஒரு பொலித்தீன் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டுதான் வருகிறார். நான் அதைக் குறையாக நினைப்பதில்லை. வரும்போதெல்லாம் அவரது துண்டையும் எனது திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டே கழிக்கிறேன்.

கொடுக்கல் வாங்கலில் எவருடைய ஹக்கும் எம்மிடம் தங்கிவிடாமல் அல்லாஹ் எம்மைக் காப்பானாக.